ஏர் கூலர் எங்கே உதவும்?
சென்னை நகரின் அனுபவம் கிராமங்களுக்குக் கூறும் பாடம்

பங்குனி மாதம் பிறந்ததும், நமது வட்டார அலுவலகத்திற்கு வரும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பலர் ஒரே வினாவை எழுப்புகின்றனர். அங்கன்வாடிக்கும், பஞ்சாயத்து அலுவலகத்திற்கும், முதியோர் கூடும் மண்டபத்திற்கும் ஏர் கூலர் வாங்கலாமா என்பதே அவ்வினா. சென்னைக்குச் சென்று திரும்பும் விவசாயிகளும், தியாகராய நகர்க் கடைகளில் வரிசை வரிசையாக வைத்திருக்கும் கூலர்களைக் கண்டு, குளிர்சாதனப் பெட்டியின் விலையில் சிறு பங்கே ஆகிறதே, வீட்டுக்கு ஒன்று வாங்கினால் என்ன என்று எண்ணுகின்றனர்.

வினா சிறியதுபோல் தோன்றினும் விடை எளிதன்று. ஒரே சாதனம் ஓர் ஊரில் பெரும்பயன் தருகின்றது. மற்றோர் ஊரில் புழுக்கத்தை மிகுவிக்கின்றது. பஞ்சாயத்தின் பணமும், கிராமத்தின் தண்ணீரும், குழந்தைகள் மற்றும் முதியோரின் உடல்நலமும் இதில் அடங்கியுள்ளன. 2024ஆம் ஆண்டில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலத்தின் பேரிடர்களுள் ஒன்றாக அறிவித்தது. ஆகவே, கோடையைத் தாங்கும் வழிகளை ஆராய்ந்து அறிவது இனி ஒவ்வொரு பஞ்சாயத்தின் கடமையாகும்.

பானையின் தத்துவம்

ஏர் கூலரின் தத்துவம் நமக்குப் புதியதன்று. மண்பானையில் வைத்த தண்ணீர் குளிர்வதன் காரணம் யாது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகின்றது. நீர் ஆவியாவதற்கு வெப்பம் தேவை. அவ்வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் அது எடுத்துக்கொள்கின்றது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஆறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைவிட இது மிகுதியாகும்.

கூலரில் நடப்பதும் இதுவே. அடியில் உள்ள தொட்டியிலிருந்து சிறு பம்பு ஒன்று நீரை மேலேற்றி, மூன்று பக்கங்களிலும் உள்ள திண்டுகளை நனைக்கின்றது. திண்டுகள் மரச்சுருளாலோ, தேன்கூடு போன்ற காகித அட்டையாலோ, வெட்டிவேராலோ செய்யப்பட்டிருக்கும். விசிறியானது வெளிக்காற்றை அத்திண்டுகளின் ஊடே இழுக்கின்றது. நீர் ஆவியாகிக் காற்றின் வெப்பத்தைக் கவர்கின்றது. குளிர்ந்த காற்று அறைக்குள் வருகின்றது. ஆனால், அக்காற்று குளிர்ச்சியோடு ஈரத்தையும் சுமந்து வருகின்றது என்பதை நாம் மறத்தலாகாது. குளிர்சாதனப் பெட்டி காற்றிலுள்ள ஈரத்தை நீக்குவது. கூலரோ ஈரத்தைச் சேர்ப்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே ஏமாற்றத்திற்குக் காரணமாகின்றது.

காற்றும் ஈரமும்

வறண்ட துணி நீரை விரைந்து உறிஞ்சும். நனைந்த துணி உறிஞ்சாது. காற்றும் அவ்வாறே. வறண்ட காற்றில் நீர் விரைந்து ஆவியாகும். ஈரம் நிறைந்த காற்றில் ஆவியாவது மிகக் குறைவு. எனவே, கூலர் எவ்வளவு குளிர்விக்கும் என்பதை அதன் விலையோ, விசிறியின் வேகமோ முடிவு செய்வதில்லை. காற்றின் ஈரப்பதமே முடிவு செய்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். உள்நாட்டு ஊர் ஒன்றில், சித்திரை மாதத்துப் பிற்பகலில், உஷ்ணம் 40 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 25 சதவிகிதம் எனக் கொள்வோம். அக்காற்றை நீரால் எவ்வளவு குளிர்விக்க முயன்றாலும் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது இறங்காது. இந்த எல்லைக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்பது பெயர். நல்ல கூலர் ஒன்று இடைவெளியில் முக்கால் பங்கைக் கடக்கும். அதாவது 40 டிகிரிக் காற்று ஏறத்தாழ 28 டிகிரியாக அறைக்குள் வரும். இது மெய்யான சுகமே. வேலூர், திருச்சி, கரூர் போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் வறண்ட கோடை நாட்களில் கூலர் பயன் தருவதன் காரணம் இதுதான்.

இனிக் கடற்கரை ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உஷ்ணம் 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவிகிதம். இங்கே ஈரக்குமிழ் வெப்பநிலை 28 டிகிரிக்கும் சற்று மேலே நிற்கின்றது. கூலர் முழு முயற்சியுடன் உழைத்தாலும் காற்று 29, 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. கிடைத்த மூன்று டிகிரிக் குளிர்ச்சிக்கு ஈடாக ஈரப்பதம் ஏறத்தாழ 90 சதவிகிதமாகின்றது. உடலில் சுரக்கும் வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை உலர்வதில்லை; பிசுபிசுப்பும் புழுக்கமுமே மிஞ்சுகின்றன. இத்தகைய இடத்தில் வெறும் மின்விசிறியே கூலரைவிடச் சிறந்தது.

சென்னையின் நிலை

சென்னை நகரம் இவ்விஷயத்தில் நல்லதோர் ஆசான். கோடையில் அந்நகருக்கு இருவகைக் காற்றுகள் வருகின்றன. காலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று வீசுகின்றது. அது வறண்டது, சூடானது. நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து நுழைகின்றது. அது ஈரமானது, ஆயினும் சூடு குறைந்தது. கடற்காற்று உரிய வேளையில் வந்த நாளில் நகரம் பிழைத்தது. மேல்காற்று வலுத்துக் கடற்காற்றைத் தடுத்த நாளில் வெயிலின் கொடுமை சொல்லி முடியாது. 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி உஷ்ணம் பதிவாயிற்று.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகின்றது. சென்னையில் கூலர் ஓரளவு பயன்படுவது, கடற்காற்று தாமதமாகும் அந்தச் சில நாட்களின் சில மணி நேரங்களில் மட்டுமே. அப்போதும் 38 டிகிரியும் 45 சதவிகித ஈரமும் இருக்குமாயின், கூலர் வழியே வரும் காற்று 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். கடற்காற்று நுழைந்த பின்னரும், இரவு முழுவதும், கூலரின் பம்பை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட்டுவதே அறிவுடைமை. ஆண்டில் சில மணி நேரப் பயனுக்காக ஒரு சாதனம் வாங்குவது தகுமா என்பதை அவரவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு

சென்னையின் இம்மூன்று பகுதிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு மிக்க பயன் தரும்.

மயிலாப்பூர் கடலுக்கு அருகில் உள்ளது. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய வீடுகள் சில இன்னும் எஞ்சியுள்ளன. முன்னே திண்ணை, நடுவே முற்றம், பின்னே கிணற்றடி என்னும் அமைப்பினால், முன்வாசலில் புகுந்த காற்று பின்வாசல் வழியே வெளியேறும். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழும். தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரையிட்டு, மேலே தட்டோடு பதித்த தளத்திற்கு மெட்ராஸ் டெரஸ் என்பது பெயர். அக்கனமான தளம் பகலின் வெப்பத்தை விரைவில் உள்ளே விடுவதில்லை. 1842ஆம் ஆண்டில் அருகிலுள்ள திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பெற்று, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி அங்கே சேமிக்கப்பட்டது. அது செல்வர்க்கு எட்டிய குளிர்ச்சி. எளியோர்க்குக் குளிர்ச்சி தந்தவை முற்றமும், திண்ணையும், கீற்றுப் பந்தலும், நனைத்த வெட்டிவேர்த் தட்டியுமே.

தியாகராய நகர் கடலிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் மேற்கே உள்ளது. 1920களில், பரந்து கிடந்த ஓர் ஏரியின் நீரை வடித்து, அந்நிலத்தில் எழுப்பிய நகர் இது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியார் பெயரைத் தாங்கியுள்ளது. ஏரி என்பது பாசனத்திற்கு மட்டும் உரியதன்று; அதன் பரப்பில் நாள்தோறும் ஆவியாகும் நீர் சுற்றுப்புறத்தின் வெப்பத்தைக் கவர்கின்றது. ஏரி மறைந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகளும், தார்ச்சாலைகளும், கான்கிரீட் தளங்களும் நெருங்கி நிற்கின்றன. பகலில் உண்ட வெப்பத்தை அவை இரவில் உமிழ்கின்றன. கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றையும் மறிக்கின்றன. நெருக்கமான தெருவில், எதிரே சுவர் நிற்கும் அறையில், சன்னல்களை மூடிக்கொண்டு கூலரை ஓட்டுவோர் உண்டு. ஈரம் வெளியேற வழியின்றிச் சிறிது நேரத்திலேயே அறைக்காற்று நிறைவுற்றுப் புழுக்கம் முன்னிலும் மிகுகின்றது.

அடையாறு பகுதியில் ஆற்றின் முகத்துவாரமும் கடலும் மரங்களும் சேர்ந்துள்ளன. 1882 முதல் அங்கே அமைந்துள்ள பிரம்மஞான சபையின் தோப்பும், அருகே 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற, ஏறத்தாழ 270 ஹெக்டேர் பரப்புள்ள கிண்டிக் காடும் நகரின் இயற்கைக் குளிர்விப்பான்கள். மரமானது வேரால் உறிஞ்சிய நீரை இலைகளால் ஆவியாக்குகின்றது. அதனுடன் நிழலும் தருகின்றது.

ஏரியை இழந்த பகுதியையும், மரங்களைக் காத்த பகுதியையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், நமது கிராமத்து ஏரியும் குளமும் தோப்பும் எத்தகைய செல்வம் என்பது புலனாகும்.

தண்ணீர்க் கணக்கு

கூலர் மின்சாரத்தைக் குறைவாகவே உண்கின்றது. வீட்டுக்குரிய கூலருக்கு 100 முதல் 200 வாட் வரை போதும். ஒன்றரை டன் குளிர்சாதனப் பெட்டி முழுவேகத்தில் ஓடுகையில் 1,500 வாட் அளவில் எடுத்துக்கொள்ளும். ஆனால், கூலருக்கு நீரே உணவு. மணிக்கு 2,000 கன மீட்டர் காற்றை 8 டிகிரி குளிர்விக்க ஏழரை லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 75 லிட்டர் ஆகின்றது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு வரையறுத்த நீர் 55 லிட்டர் என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கூலர், குடும்பத்தில் ஓர் ஆளைவிடச் சற்று அதிகமாகவே நீர் அருந்துகின்றது!

அதே 2019ஆம் ஆண்டுக் கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோயின. மக்கள் குடங்களுடன் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றனர். கூலர் அதிகமாகத் தேவைப்படும் காலமும் தண்ணீர் அரிதாகும் காலமும் ஒன்றே. ஆகவே, கூலர் வாங்கத் தீர்மானிக்கும் பஞ்சாயத்து, சித்திரை வைகாசியில் அதற்குரிய நீர் எங்கிருந்து வரும் என்பதையும் அத்தீர்மானத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

சாதாரண உஷ்ணமானிகள் இரண்டு வாங்குங்கள். ஒன்றின் குமிழில் தூய பருத்தித் துணியைச் சுற்றி, அதன் முனையை ஒரு கிண்ணம் நீரில் அமிழ்த்துங்கள். இரண்டையும் நிழலில் அருகருகே தொங்கவிட்டு, விசிறிக் காற்று படச் செய்யுங்கள். கால் மணி நேரத்தில் துணி சுற்றிய உஷ்ணமானி இறங்கி ஓரிடத்தில் நிற்கும். இரண்டின் வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேறுபாடு 10 டிகிரிக்கு மேல் இருப்பின் கூலர் நன்கு உதவும். 5 டிகிரிக்குக் குறைவாயின் அது பயனற்றது. இடைப்பட்டதாயின் நீரின் இருப்பையும் செலவையும் சீர்தூக்கி முடிவு செய்யலாம். ஒரு நாள் சோதனை போதாது. சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரு வாரம், காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளையும் குறித்து வருதல் வேண்டும். பள்ளி மாணவர்களைக் கொண்டு இதனைச் செய்வித்தால் அவர்களுக்கும் நல்ல பாடமாகும்.

வாங்கியபின் கவனிக்க வேண்டியவை

1. கூலரைச் சன்னலில் பொருத்தி வெளிக்காற்றை இழுக்கச் செய்தல் வேண்டும். எதிர்ப்புறச் சன்னல் திறந்திருக்க வேண்டும். மூடிய அறையில் கூலரை ஓட்டுதல் கூடாது.

2. வாரம் ஒருமுறை தொட்டியை முற்றிலும் வடித்து, உட்புறச் சுவரைத் தேய்த்துக் கழுவி, உலரவிடுதல் வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நன்னீரிலேயே பெருகும். அதன் முட்டைகள் தொட்டியின் சுவரில் ஒட்டியிருக்குமாதலால் நீரை மாற்றினால் மட்டும் போதாது. கோடை முடிந்ததும் தொட்டியை உலர்த்தி மூடிவைத்தல் அவசியம்.

3. உப்பு மிகுந்த கிணற்று நீர் திண்டுகளில் படிந்து துளைகளை அடைக்கும். இடையிடையே தொட்டி நீரை மாற்றி, வடித்த நீரை உப்பைத் தாங்கும் மரங்களுக்குப் பாய்ச்சலாம்.

4. நீரும் மின்சாரமும் ஒருங்கே இருக்கும் சாதனமாதலால் நில இணைப்பு இன்றி இயக்கலாகாது. தகரக் கூடு கொண்ட கூலர்களில் இது மிக முக்கியம். நீர் ஊற்றும்போதும் கழுவும்போதும் மின் இணைப்பை நீக்கிவிடுதல் வேண்டும்.

கடலோர ஊர்களுக்கு ஏற்ற வழிகள்

கூலர் பொருந்தாத ஊர்கள் வெயிலில் வாட வேண்டுவதில்லை. வெப்பம் வீட்டிற்குள் நுழைவதைத் தடுப்பதே அங்கு முதல் வழி. கான்கிரீட் தளத்தின் மேல் வெண்மையான பூச்சு இடுதல் மிகச் சிக்கனமானது. சுண்ணாம்பை நீற்றி வடிகட்டி, வச்சிரப் பசை சேர்த்து, இரண்டு மூன்று முறை பூசினால் வெயிலின் பெரும்பகுதி திருப்பியனுப்பப்படும். மழையில் கரைவதால் ஆண்டுதோறும் மாசி, பங்குனியில் மீண்டும் பூச வேண்டும். வீட்டின் உள்வெப்பம் இதனால் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். மேலும், இதற்குத் தண்ணீர்ச் செலவும் இல்லை, மின்செலவும் இல்லை. 2010ஆம் ஆண்டின் கடும் வெப்ப அலைக்குப் பின், அகமதாபாத் நகரம் 2013இல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்தது. எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெண்பூச்சு இடும் பணியும் பின்னர் அங்கே நடைபெற்றது. தெலங்கானா மாநிலம் 2023இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றையே வெளியிட்டது.

இரண்டாவது வழி நிழல். மேற்குச் சுவரின் முன் பந்தலிட்டு அவரையோ, பீர்க்கோ, கோவையோ படரவிடலாம். வேம்பும் புங்கனும் மேற்கிலும் தென்மேற்கிலும் நின்றால் பிற்பகல் வெயில் சுவரைத் தொடாது. ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரையின் கீழே மூங்கில் பாய் அல்லது ஓலையால் உட்கூரை அமைக்கலாம். அடுப்பிற்கு அருகில் மட்டும் அதனைத் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது வழி காற்றோட்டம். கடற்காற்று வரும் கிழக்கு, தென்கிழக்குத் திசையில் ஒரு சன்னலும், அதற்கு எதிரே ஒரு சன்னலும், சூடான காற்று வெளியேறச் சுவரின் மேற்பகுதியில் துளைகளும் இருத்தல் வேண்டும். உஷ்ணம் 40 டிகிரியைக் கடந்த வேளையில் விசிறியின் காற்று மட்டும் உடலைக் குளிர்விக்காது என்பதையும் அறிதல் நலம். அப்போது நனைத்த துணியால் உடலைத் துடைப்பதும், அடிக்கடி நீரோ மோரோ அருந்துவதும் வேண்டும். மயக்கமோ, பிதற்றலோ, உடல் கொதிப்போ கண்டால் நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நனைத்து விசிறி, 108 வண்டியைத் தாமதமின்றி அழைக்க வேண்டும்.

உழவர்க்கு இதனால் வரும் பயன்

இதே தத்துவம் வீட்டிற்கு வெளியேயும் பயன்படுகின்றது. கோயம்புத்தூர் நூற்பாலைகளில் நூல் அறாதிருக்க ஈரக்காற்றை ஊட்டுகின்றனர். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் கோடையில் நீரைத் தெளித்துக் கோழிகளைக் காக்கின்றனர். புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய மின்சாரம் வேண்டாத குளிர் அறையும் இவ்வகையினதே. செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையே ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் அளவு மணல் நிரப்பி, காலை மாலை நனைத்து வந்தால், தக்காளியும் கீரையும் வெளியில் வைத்திருப்பதைவிடப் பல நாட்கள் வாடாதிருக்கும். வறண்ட மாவட்டத்துச் சிறு விவசாயி விலை வரும்வரை காத்திருக்க இது உதவும்.

வெட்டிவேரையும் இங்கே குறிப்பிடல் தகும். கடலூர் மாவட்டத்தின் கடலோர மணற்பாங்கான நிலங்களில் அது பயிராகின்றது. தட்டிகளுக்கும் கூலர்த் திண்டுகளுக்கும் அது ஏற்றது, மணமும் தருவது. தம் ஊரில் கூலர் பயன்படாவிடினும், உள்நாட்டு ஊர்களின் கூலர்களுக்கு வேண்டிய வேரை விற்றுக் கடலோர உழவர் பயன்பெறலாம்.

பஞ்சாயத்தின் கடமை

மார்ச் 22ஆம் நாள், உலகத் தண்ணீர் தினத்தன்று, கிராம சபை கூடுகின்றது. கோடைக்கு முந்திய அக்கூட்டமே இவற்றைத் தீர்மானிக்க ஏற்ற வேளை. அங்கன்வாடி, பள்ளி, நூலகம் ஆகியவற்றின் தளங்களுக்கு அவ்வாண்டே வெண்பூச்சு இடுதல், தண்ணீர்ப் பந்தல் அமைத்தல், தனித்து வாழும் முதியோரின் பட்டியல் எழுதி வெயில் மிகுந்த நாட்களில் அவர்களைச் சென்று காண ஆட்களை நியமித்தல் ஆகியவற்றை முதலில் செய்யுங்கள். அதன்பின் உஷ்ணமானிச் சோதனையும் தண்ணீர்க் கணக்கும் இடங்கொடுத்தால் கூலர் வாங்குங்கள்.

சாதனம் எதுவாயினும், நகரில் விற்கின்றது என்பதற்காக வாங்குதல் ஆகாது. நமது ஊரின் காற்றுக்கும் நீருக்கும் ஏற்றதா என்று சோதித்து வாங்குவதே பொதுப்பணத்தைக் காப்பதாகும். ஏரியைத் தூர் வாரி வைத்திருக்கும் ஊரும், தெருவெல்லாம் மரம் வளர்த்த ஊரும் கோடையின் கொடுமையில் பாதியை அப்போதே வென்றுவிட்டன. மீதிப் பாதிக்கே சுண்ணாம்பும், சன்னலும், விசிறியும், இடமறிந்து வாங்கிய கூலரும் தேவைப்படும்.